எரிந்தால்தான் வேலை செய்கிறது என்றேன்

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வருவதற்கு இரண்டு மாதம் இருக்கும். ஆனி மாதம். மலாக்காவில் காஜா பேராங் பகுதியில், கம்போங் செட்டியை ஒட்டி ஒரு வாடகை வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். எனக்கு அப்போது வயது இருபத்தாறு. வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் நீளம்தான், ஆனால் எங்கே திறக்கலாம், எங்கே மூடக் கூடாது என்று ஓரளவு தெரியும். அன்றைக்கு அது தெரியாமல் போனதால் ஒரு மணப்பெண்ணின் முகமும், இன்னொரு பெண்ணின் பிழைப்பும் கெட இருந்தன. இதை இத்தனை வருடம் வீட்டுக்குள் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

என் அண்ணன் டவுனில் ஒரு தைலக் கடையில் வேலை பார்த்தார். யூகலிப்டஸ், கிராம்பு, புதினா என்று விதவிதமான எண்ணெய்கள் பெரிய தகர டின்களில் அங்கே வந்து இறங்கும். அவற்றை அளவோடு தேங்காய் எண்ணெயில் கலந்து, சின்னச் சின்னப் போத்தல்களில் அடைத்து, தலைவலிக்கும் சுளுக்குக்கும் விற்பார்கள். எனக்கோ வாரத்துக்கு இரண்டு நாள் தலைவலி. வெயிலில் பாசாருக்குக் காய், மீன் வாங்கப் போய் வந்தால் போதும், நெற்றிப்பொட்டில் யாரோ உட்கார்ந்து இடிக்கிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் அண்ணன் ஒரு நாள் கலக்காத மூல எண்ணெயை ஒரு போத்தலில் கொண்டுவந்து கொடுத்தார்.

கொடுக்கும்போதே ஒரு பாட்டம் சொன்னார். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு சொட்டு, மூன்றாவது சொட்டு வேண்டாம். முதலில் முழங்கை மடிப்பில் தொட்டுப் பார், எரிச்சலோ தடிப்போ இல்லை என்றால் மறுநாள் நெற்றிப்பொட்டில் தடவு. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதே. வெட்டுக்காயம், சொறி இருக்கிற இடத்தில் போடாதே. மேலே சூடாக எதையும் வைக்காதே. கைக்குழந்தை மூக்குப் பக்கமே காட்டாதே, குழந்தைக்கு மூச்சு முட்டிவிடும். வாயில் விடவே கூடாது. எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு எப்போதும் குறை கிடையாது.

முதல் இரண்டு மாதம் சொன்னபடிதான் செய்தேன். தலைவலியும் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன், அவளுக்கும் குறைந்தது. அவள் இன்னொருத்தியை அனுப்பினாள். கொஞ்ச நாளில் பின்வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. கழுத்துப் பிடிப்பு, கைவலி, தலைபாரம் என்று வருவார்கள். நானும் பெரிய வைத்தியச்சி மாதிரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாடி பார்க்காத குறையாக, “எத்தனை நாளா?” என்று விசாரிப்பேன். கணவர் கேலி செய்வார். “வாசல்ல போர்டு ஒன்னு மாட்டிடலாமா?” என்பார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும்.

தலைக்கனம் ஏற ஏற அளவும் ஏறியது. இரண்டு சொட்டு நாலாச்சு, நாலு ஆறாச்சு. யாராவது எரிகிறது என்றால், “எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்பேன். யார் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. நானாக உண்டாக்கிக்கொண்ட வசனம். சொல்லும்போது அத்தனை நம்பிக்கையாகச் சொல்வேன், கேட்கிறவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் வீடு, பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் ஒரு செட்டிக் குடும்பத்துக்குச் சொந்தம். பக்கத்து வீட்டிலேயே அவர்கள் குடியிருந்தார்கள். கோயில், பூஜை, பொங்கல் எல்லாம் நம்மைப் போலத்தான், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்துவார்கள். அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரிந்த தமிழ் பத்துச் சொல் இருக்கும். தமிழ் தெரியாத இவர்கள் என்ன தமிழர்கள் என்று நான் என் வீட்டுக்குள் பலமுறை இளக்காரமாகப் பேசியிருக்கிறேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், சொல்ல உட்கார்ந்தபின் பாதியை ஒளித்து என்ன பயன்.

அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. பத்தொன்பது வயது. என்னை “அக்கா” என்று தமிழிலேயே கூப்பிடும். என் சமையலறை ஜன்னலும் அதன் அறை ஜன்னலும் எதிரெதிர். நடுவில் ஒரு சின்னச் சந்து. வெங்காயம் நறுக்கிக்கொண்டே நானும், தலை வாரிக்கொண்டே அதுவும் மலாயில் ஊர்க்கதை பேசுவோம்.

மணப்பெண்ணை அலங்கரிப்பதற்குத் தெங்கேராவிலிருந்து ஒரு அம்மா வந்தார். நம் தமிழ்ப் பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கும். இந்த வேலை செய்பவரை இங்கே மாக் அண்டாம் என்பார்கள். செட்டி வீடு, தமிழ் வீடு என்று பல கல்யாணங்களுக்கு அவர்தான். அவருடைய கணவர் கூரை வேலை செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்து படுத்த படுக்கையாக இருந்தார். குடும்பம் இந்த அம்மாவின் கையில்தான் ஓடியது. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் இல்லை, ஒரு மாதம் கை கட்டி உட்கார வேண்டும், அதனால் ஆனியில் கிடைக்கிற கல்யாணங்கள் அவருக்கு உயிர் மாதிரி. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் அவர் வந்து பெண்ணுக்குக் கொண்டை போட்டுப் பார்த்தார். நகை சரியாக உட்கார வேண்டும் என்று முடியை இழுத்து வாரி, இறுக்கிக் கட்டி, ஊசிகளைக் குத்தி, படியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து முகத்துக்கு அரிசி மாவு பூசுவதாகச் சொன்னார். அரிசியை நாள் கணக்கில் ஊறவைத்து, அரைத்து, சின்னச் சின்னப் பொட்டாக வெயிலில் காயவைத்த மாவு அது. பன்னீரில் குழைத்துப் பூசினால் முகம் குளிர்ந்து பளபளவென்று இருக்கும். கல்யாணம் முடியும்வரை அந்த மாவைத் தவிர வேறு எதுவும் பெண்ணின் முகத்தில் படக் கூடாது என்று வீட்டம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மூன்று மணி இருக்கும். ஜன்னலில் அந்தப் பெண் நின்றது. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கொண்டை இழுத்து இழுத்துத் தலை பிளக்கிறது, அம்மாவுக்குத் தெரியாமல் உங்கள் எண்ணெயைக் கொஞ்சம் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சியது. யோசித்துப் பாருங்கள், இரண்டு ஊசியைத் தளர்த்தியிருந்தால் அந்தத் தலைவலி போயிருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. கையில் போத்தல் இருக்கிறவளுக்குக் கொண்டை எங்கே கண்ணில் படும்?

பின்வாசல் வழியாகப் போனேன். கலந்து வைத்த எண்ணெய் தீர்ந்திருந்தது. தேங்காய் எண்ணெய் எடுக்க என் வீட்டு அடுப்படிக்குத் திரும்பியிருக்கலாம், பத்து அடிதான். நாளைக்குக் கல்யாணம், சீக்கிரம் குணமாக வேண்டும், நேராகப் போட்டால் ஒரே நிமிடத்தில் கேட்கும் என்று மூல எண்ணெயையே உள்ளங்கையில் ஊற்றினேன். சொட்டு இல்லை, ஊற்றினேன். இந்தப் பொட்டிலிருந்து அந்தப் பொட்டுவரை நெற்றி முழுக்கத் தேய்த்தேன். அது போதாதென்று அவர்கள் வீட்டுக் கெண்டியில் இருந்த சுடுதண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து மேலே வைத்து அழுத்தினேன். அண்ணன் சொன்னதில் எதையெல்லாம் செய்யாதே என்றாரோ, அதையெல்லாம் கால் மணி நேரத்தில் செய்து முடித்தேன்.

எரிகிறது அக்கா என்றது. நான் என் வசனத்தைச் சொன்னேன். பொறுத்துக்கொண்டது. தலைவலி குறைந்த மாதிரிதான் இருக்கிறது என்று வேறு சொன்னது, பாவம். நான் போத்தலை மடியில் செருகிக்கொண்டு முன்கூடத்துக்குப் போய், பூத் தொடுக்கிற பெண்களோடு ஒன்றுமே நடக்காதது மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

அலங்காரம் செய்யும் அம்மா திரும்பி வந்து மாவு பூசினார். மாவு காயும் நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் அலறல். ஓடினோம். பெண் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலில் துடித்தது. நெற்றி எரிகிறது, கண் எரிகிறது என்று கத்தியது. ஆளாளுக்குத் தண்ணீர் தண்ணீர் என்றார்கள். அந்த அம்மா மட்டும் சத்தம் போட்டுச் சொன்னார்: “தண்ணி அப்பறம். மொதல்ல தேங்கா எண்ண கொண்டாங்க.” துணியைத் தேங்காய் எண்ணெயில் முக்கி மாவை ஒற்றி ஒற்றி எடுத்தார். அதற்குப் பிறகுதான் சோப்புப் போட்டு, பச்சைத் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினார். கண்ணைத் தண்ணீரில் அலசி அலசித் திறக்க வைத்தார். மாவு போனதும் பார்த்தோம். நெற்றி முழுக்கச் செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று இடத்தில் கொப்புளம் வைத்துவிட்டது.

வீட்டம்மா அந்த அம்மாவைக் கூடத்தில் நிற்க வைத்துப் பேசியது மலாய். நான் தமிழில் சொல்கிறேன். “கெட்டுப்போன மாவைக் கொண்டுவந்து என் மகள் முகத்தைப் பொசுக்கிவிட்டாய். எண்ணெய் போட்டால் அடங்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்? இதற்கு முன்னாலும் எத்தனை பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது?” கூடம் முழுக்க ஆட்கள், நானும் என் மூலையில் பூவோடு மறுபடி உட்கார்ந்துவிட்டேன். சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து நின்றார். அந்த அம்மா துணியைக் கீழே வைத்தார். ஈரக் கையோடு நின்றபடி சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. அறை வாசலில் நின்ற பெண்ணும் அழுதுகொண்டே என்னைத்தான் பார்த்தது.

நான் தலையைக் குனிந்து கையிலிருந்த மல்லிகைச் சரத்துக்கு முடிச்சுப் போட்டேன். ஒன்று போட்டேன், இன்னொன்று போட்டேன். அந்தப் பெண்ணே வாயைத் திறக்கவில்லை, நான் ஏன் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். அது பத்தொன்பது வயதுப் பிள்ளை, அம்மாவுக்குப் பயந்து நின்றது. எனக்கு என்ன கேடு? மடியில் அந்தப் போத்தல் சூடாக இருந்தது. வாசனை காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்தேன். ஆனால் கல்யாண வீட்டில் பாதிப் பேர் மேல் தைல வாடைதான். யார் கண்டுபிடிப்பார்கள்?

வீட்டுக்கு வந்து கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “வீடு அவங்களோடது. காலி பண்ணுன்னா எங்க போவ? வாய மூடிக்கிட்டு சும்மா இரு, நாலு நாள்ல மறந்துருவாங்க” என்றார். அந்தக் காலத்தில் எங்கே பார்த்தாலும் குடியுரிமைப் பேச்சு, யார் இந்த ஊர்க்காரர், யார் இல்லை என்று. அதில் வாடகை வீடும் போனால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். அவர்மேல் பழி போட மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் நான் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அவர் சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை முகூர்த்தம். ஒரே ராத்திரியில் வேறு ஆளுக்கு எங்கே போவது? வேறு வழியில்லாமல் அந்த அம்மாவையே உள்ளே விட்டார்கள். வீட்டம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அலங்கார அம்மா தன் வேலையைச் செய்தார். கொண்டையைத் தளர்வாகப் போட்டார். நெற்றியில் மாவும் இல்லை, பொட்டும் இல்லை. மல்லிகைச் சரத்தை எடுத்து, உச்சியிலிருந்து சரித்து, புருவத்துக்கு மேலே வளைவாக இறக்கிக் கட்டினார். கொப்புளம் மூன்றும் மறைந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இது என்ன புது மாதிரி, அழகாக இருக்கிறதே என்றார்கள். அது நான் முடிச்சுப் போட்ட சரம்தான். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டேன்.

நாலு நாளில் மறக்கவில்லை. ஊர் எதையும் அப்படி மறக்காது. ஆனியில் அந்த அம்மாவுக்கு இன்னும் மூன்று கல்யாணம் இருந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வீட்டிலும் யோசிக்கிறார்கள் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பேசிய கூட்டத்தில் நானும் குடத்தோடு நின்றேன். ஒருத்தி, “பழைய மாவாம்லா, பூஞ்சை பிடிச்சதாம்” என்றாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பாசாரில் அவரைப் பார்த்தேன். வாசல் ஓரமாக ஒரு சாக்கை விரித்து, அரிசி மாவைப் பொட்டலம் பொட்டலமாக வைத்து உட்கார்ந்திருந்தார். வாங்க ஆள் இல்லை. ஒளிந்து போகலாம் என்று மீன் பக்கம் திரும்பினேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

“அந்தப் புள்ளைக்கு நெத்தி எப்படிம்மா இருக்கு? கொப்புளத்த கிள்ளாம இருக்கா?”

ஆறிக்கொண்டு வருகிறது என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். பொட்டலங்களை நேராக அடுக்கத் தொடங்கினார். நான் மீனும் வாங்கவில்லை, காயும் வாங்கவில்லை, வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்று வீட்டில் உட்கார்ந்து எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். எத்தனை பேருக்கு அதே எண்ணெயைக் கொடுத்திருக்கிறேன், யாருக்கு என்ன ஆச்சு? ஒருவேளை மாவுதான் கெட்டதோ என்னவோ. அப்படி மட்டும் இருந்துவிட்டால் நான் தப்பித்தேன். பார்த்துவிடலாம் என்று போத்தலைத் திறந்து, இடது முழங்கைக்குக் கீழே உள்பக்கமாக மூல எண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். சுடுதண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து மேலே வைத்தேன். மாவு இல்லை, பன்னீர் இல்லை. எண்ணெயும் சூடும் மட்டும்.

ஐந்து நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. அடுப்பில் கை வைத்த மாதிரி இருந்தது. துண்டை வீசிவிட்டு, அந்த அம்மா செய்த மாதிரியே தேங்காய் எண்ணெயால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்படிக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. தேங்காய் எண்ணெய். எல்லாரும் தண்ணீர் கேட்டபோது அவர் மட்டும் ஏன் தேங்காய் எண்ணெய் கேட்டார்? மாவைக் கழுவத் தண்ணீர் போதுமே, தண்ணீருக்குப் போகாதது தைலம்தான். அப்படியானால் அது மாவு இல்லை, தைலம் என்று அவருக்கு அப்போதே தெரியும். நான் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கையில் கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. அதைவிட முகம்தான் எரிந்தது.

மறுநாள் கணவர் வேலைக்குப் போனதும் தெங்கேராவுக்குப் போனேன். கடலை ஒட்டிய சின்ன வீடு. உள்ளே நுழையும்போதே ஊறிய அரிசியின் புளித்த வாடை. அவர் கணவர் மூலையில் கட்டிலில் படுத்திருந்தார். அந்த அம்மா அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சேலைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினேன். பார்த்தார். கிட்டே வந்து முகர்ந்தார்.

“இதே வாடதான்” என்றார்.

“ஒங்களுக்குத் தெரியுமாக்கா?”

“அன்னிக்கு மாவு பூசும்போதே அடிச்சுச்சு. என்னத்தடி தேச்சன்னு கேட்டேன், இல்லன்னுச்சு. பூசாம விட்டிருக்கணும். விட்டனா? இல்ல. மேல மாவப் பூசி உள்ளேயே அடச்சு வச்சேன். அது எம்மேல தப்பு.” அம்மியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். “ஊருக்கெல்லாம் தைலம் போடுற ஒன்னக் கூடத்துல பாத்ததும் புரிஞ்சுச்சு. இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு நின்னேன். நீ பூ கட்டிக்கிட்டு இருந்த.”

“நீங்க சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன். இப்படிக் கேட்க எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

“நான் சொன்னா யாரு நம்புவா? தன் தப்ப அடுத்தவ தலையில கட்டுறான்னுதான் சொல்லுவாங்க. நீ சொல்லணும்லா.” அவர் குரல் உயரவில்லை. ஆனால் நல்ல கோபம் இருந்தது. நான் அழ ஆரம்பித்தேன், மன்னித்துவிடுங்கள் என்று குனிந்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார். “எங்கிட்ட வந்து அழுது என்ன ஆகப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க அங்க இருக்காங்க. அங்க போய் சொல்லு.”

அங்கிருந்து நேராக வீட்டம்மாவிடம் போனேன். வழியில் நின்றால் கால் திரும்பிவிடும் என்று எங்கேயும் நிற்கவில்லை. கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் கூடத்தில் இருந்தார்கள். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வரலாம் என்று மனசு ஒரு நிமிடம் தந்திரம் பண்ணியது. அன்றைக்கு அந்த அம்மாவைத் திட்டியபோது கூடம் நிறைய ஆள் இருந்ததே என்று நினைத்து, நின்றபடியே எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். போத்தலை எடுத்து முன்னால் வைத்தேன். கையைக் காட்டினேன்.

பெண் அழுதுகொண்டே, நான்தான் அக்காவைக் கூப்பிட்டேன், நான்தான் சொல்லாமல் இருந்தேன் என்றது. வீட்டம்மா அதைக் காதில் வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கூடத்தின் மூலையைக் கையால் காட்டி மெதுவாகச் சொன்னார்: “நான் அவளை இந்த இடத்தில் நிற்க வைத்துத் திட்டினேன். நீ அங்கே உட்கார்ந்திருந்தாய்.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து உள்ளே போனார். நல்ல கெபாயா ஒன்றை மாற்றிக்கொண்டு குடையோடு வந்தார். “நட” என்றார். வெயிலில் இரண்டு பேரும் தெங்கேராவுக்கு நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவருக்குத் தெரிந்த அந்தப் பத்துத் தமிழ்ச் சொல்லில் ஒன்றைத் தேடிப் பிடித்து, “தப்பு” என்றார். தன் நெஞ்சைத் தொட்டு இன்னொரு முறை, “தப்பு” என்றார். தமிழ் தெரியாதவர்கள் என்று நான் யாரை இளக்காரம் பேசினேனோ, அவர் தமிழில் சொன்னார். எல்லாத் தமிழும் தெரிந்த நான் பத்து நாள் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்தேன்.

வீட்டம்மா அதோடு விடவில்லை. மூன்றாவது கல்யாண வீட்டுக்கு அவரே போய்ப் பேசினார். அந்தக் கல்யாணம் அலங்கார அம்மாவுக்கே கிடைத்தது. மற்ற இரண்டும் போனது போனதுதான். அந்த ஆடி மாதம் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. ஆவணியில் ஊரெல்லாம் கொடி கட்டி மெர்டேக்கா கொண்டாடியபோது அவருக்கு மறுபடியும் கல்யாண வேலை வர ஆரம்பித்திருந்தது. எங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லவும் இல்லை.

அண்ணனிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். போத்தலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டு, ஆறு மாதம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார். இப்போது யார் தலைவலி என்று வந்தாலும் முதலில் தண்ணீர் குடித்தாயா, தூங்கினாயா, கொண்டை இறுக்கமா என்று கேட்கிறேன். பிறகுதான் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய், இரண்டு சொட்டு, முழங்கை மடிப்பில் ஒரு பரிசோதனை. எரிகிறது என்றால் உடனே துடைத்துவிடுகிறேன். இரண்டு மூன்று நாளாகியும் விடாத வலி என்றால் டாக்டரிடம் போகச் சொல்லிவிடுகிறேன். அலங்கார அம்மாவோடு பிறகு நன்றாகப் பழகிவிட்டேன். ஆனால் கல்யாண வீட்டில் என்னைக் கண்டால், “போத்தலோட என் பொண்ணு பக்கம் வராத” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அந்தப் பெண்ணின் நெற்றியில் கொஞ்ச நாள் கறுப்பாகத் திட்டு இருந்து பிறகு மறைந்துவிட்டது. அவள் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படம் இன்னும் மாட்டியிருக்கிறது. புருவத்துக்கு மேல் வளைந்து இறங்கிய மல்லிகைச் சரம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று, அந்தக் காலத்து அலங்காரமே தனி அழகு என்கிறார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் மட்டும் படத்தைப் பார்க்க மாட்டேன், ஏனென்றால் அந்தச் சரத்தில் நான் தலையைக் குனிந்து போட்ட முடிச்சுகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.